லிட்டில் ரிச்சர்ட், 1957: மேலே பறந்த ஸ்புட்னிக், ஆற்றில் எறிந்த மோதிரம், விழுந்த விமானம். இதில் எது நிற்கும்?

தூண்டில்காரன் (கேள்வி)

சபை வாலிபர் கூடுகையில் இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். லிட்டில் ரிச்சர்டை எடுத்திருக்கிறேன். ராக் அண்ட் ரோலின் உச்சியில் நின்றுகொண்டிருந்த மனுஷன் 1957-ல் எல்லாவற்றையும் போட்டுவிட்டு வேதம் படிக்கப் போனார் என்பதால்.

இணையத்தில் சுற்றுகிற சாட்சி இப்படிப் போகிறது. சிட்னியில் நாற்பதாயிரம் பேர் முன்னால் பாடிக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே நெருப்புக்கோளமாக ஸ்புட்னிக் பறந்தது. ஆண்டவர் கூப்பிடுகிறார் என்று உணர்ந்து, வைர மோதிரங்களைக் கழற்றி 'சிட்னியின் ஹண்டர் ஆற்றில்' எறிந்தார். பயணத்தைப் பாதியில் முடித்துப் பத்து நாள் முன்னதாகவே ஊர் திரும்பினார். முதலில் அவர் ஏறியிருக்க வேண்டிய விமானம் பசிபிக் கடலில் விழுந்தது. அதன்பின் பக்தி சாராத உலகப் பாட்டே பாடவில்லை.

எனக்கு மூன்று இடம் உறுத்துகிறது. ஒன்று, வானத்தில் அவர் பார்த்தது ஸ்புட்னிக்தானா? இரண்டு, 1957-ல் விட்டார் என்றால் 1958, 1959-ல் அவர் பெயரில் ராக் ரெக்கார்டுகள் எப்படி வந்துகொண்டிருந்தன? மூன்று, 1962-ல் இங்கிலாந்தில் பழைய பாட்டுகளைப் பாடினாரே, அதைப் பின்மாற்றம் என்று சொல்லிவிடலாமா? கூட்டத்தில் கூகிள் தட்டிப் பார்க்கிற பையன்கள் இருப்பார்கள். பொய்யாகிப் போகிற எதையும் சொல்ல விருப்பமில்லை.

நாள்காட்டி

நாற்பதாயிரத்தை முதலில் வெட்டுங்கள். லீ கார்டன் ஏற்பாடு செய்த அந்தக் கச்சேரிகள் சிட்னியில் நடந்தது சிட்னி ஸ்டேடியத்தில். ரஷ்கட்டர்ஸ் பே பகுதியில் இருந்த குத்துச்சண்டை அரங்கம் அது. ஊர்க்காரர்கள் அதைப் 'பழைய தகரக் கொட்டகை' என்றுதான் அழைத்தார்கள். நாற்பதாயிரத்தில் பாதிப்பேர்கூட உள்ளே அடங்க மாட்டார்கள். மேலே கூரை வேறு. பியானோ முன் இருந்தபடியே அண்ணாந்து வானத்தைப் பார்த்திருக்க முடியாது. கச்சேரி முடிந்து வெளியே வந்தபோது பார்த்தார் என்றால் பேசலாம். அல்லது பல வருஷம் கழித்துச் சொல்லும்போது இரண்டு ஊர்கள் ஒன்றாகக் கலந்திருக்கலாம்.

ஸ்புட்னிக் ஏவப்பட்டது 1957 அக்டோபர் 4, உலக நேரம் 19:28. சிட்னியில் அப்போது அக்டோபர் 5, சனிக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணி. கசகஸ்தானில் கிளம்பிய ராக்கெட்டின் நெருப்பு சிட்னியில் தெரிய வழியே இல்லை. ஆகவே 'ஸ்புட்னிக் ஏவியதைப் பார்த்தார்' என்று எழுதுகிறவர்கள் சொல்வது நேரடியாகவே தப்பு.

சுற்றுப்பாதையில் போனதைப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டை, எடை 83.6 கிலோ. வெறும் கண்ணுக்கு அது தெரிவதே கடினம். உலகம் முழுக்க ஜனங்கள் அண்ணாந்து பார்த்தது பெரும்பாலும் அதோடு சேர்ந்து சுற்றிய ராக்கெட்டின் மையப் பகுதியைத்தான். அது பிரகாசமாகவே தெரிந்தது. ஆனால் எப்படித் தெரியும்? வெள்ளைப் புள்ளியாக, சத்தமில்லாமல், சில நிமிடங்களில் வானத்தைக் கடக்கும். நமக்கு இருட்டாகவும் அதன்மேல் வெயிலாகவும் இருக்கிற நேரம்தான் கணக்கு. அது பொழுது சாய்ந்து கொஞ்ச நேரம், இல்லையென்றால் விடிவதற்குச் சற்று முன். ராத்திரிக் கச்சேரி முடிகிற நேரத்துக்கு அது பூமியின் நிழலுக்குள் போயிருக்கும். ரிச்சர்ட் விவரித்ததோ சிவந்த நெருப்புப் பந்து, சில நூறு அடி உயரத்தில். அந்த வர்ணனை பொருந்துவது எரிகல்லுக்கு.

ஆகவே உங்கள் பேச்சில் இப்படி வையுங்கள்: 'வானத்தில் ஒரு நெருப்புக்கோளத்தைப் பார்த்ததாக அவர் சொன்னார். அது ஸ்புட்னிக் என்று பிறகு அவரிடம் சொன்னார்கள். அவர் அதை அடையாளமாக எடுத்துக்கொண்டார்.' இந்த மூன்று வாக்கியத்தையும் யாரும் அசைக்க முடியாது.

அடுத்தது ஆறு. ஹண்டர் ஆறு சிட்னியில் இல்லை. வடக்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, நியூகாசில் ஊரில் கடலில் கலக்கிறது. மோதிரங்கள் போனது அங்கே, ஸ்டாக்டன் படகுத்துறைப் பக்கம். குழுவில் சாக்ஸஃபோன் வாசித்த கிளிஃபர்ட் பர்க்ஸ், 'உண்மையிலேயே விட்டுவிட்டாயானால் காட்டு பார்ப்போம்' என்கிற மாதிரி சீண்டியதும் கழற்றி வீசினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படுகிற விவரம். எத்தனை மோதிரம், என்ன விலை என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. தொகை சொல்லாதீர்கள்.

விமானக் கதைதான் ஆகப் பலவீனமானது. அந்தக் காலகட்டத்தில் பசிபிக்கில் விழுந்த பெரிய பயணிகள் விமானம் என்று எல்லோரும் காட்டுவது பான் அமெரிக்கன் 7. விழுந்தது நவம்பர் 8. அதில் இருந்த 44 பேரும் மாண்டார்கள். ஆனால் அது சான் ஃபிரான்சிஸ்கோவில் கிளம்பி ஹொனலூலு போய்க்கொண்டிருந்தது, அதாவது அமெரிக்காவை விட்டு வெளியே போகிற திசையில். ஆஸ்திரேலியாவிலிருந்து வீடு திரும்புகிறவர் அதில் ஏற முடியாது. தேதியும் ஒட்டவில்லை. அவர் கிளம்பியது அக்டோபர் நடுவில். பத்து நாள் கூட்டினாலும் அக்டோபர் தாண்டாது.

விமானம் வேண்டுமென்றால் வேறொன்று இருக்கிறது. மெல்பர்னிலிருந்து சிட்னிக்குப் பறந்த இரவில், இருட்டில் என்ஜின்கள் செக்கச்சிவந்து தெரிந்ததாகவும், தேவதூதர்கள் விமானத்தைத் தாங்கிப் பிடித்திருப்பதாக உணர்ந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்துப் பிஸ்டன் என்ஜின் விமானங்களில் புகைபோக்கி இராத்திரியில் சிவந்து தெரிவது சாதாரணம்தான். ஆனால் ஒருவர் உள்ளே என்ன உணர்ந்தார் என்பதைத் தேதி வைத்துத் தப்பென்று சொல்ல முடியாது. ஆகவே பேச்சுக்கு இதுதான் பாதுகாப்பு.

மாஸ்டர்டேப்

இரண்டாவது கேள்வி என் பக்கம். சுருக்கமான பதில்: மனந்திரும்பியவர் அவர், ஒப்பந்தம் திரும்பவில்லை.

ஸ்பெஷாலிட்டி ரெக்கார்ட்ஸ் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்ட் ரூப் நடத்திய சின்ன கம்பெனி. 1955 செப்டம்பரில் நியூ ஆர்லியன்ஸில் கோஸிமோ மட்டாஸாவின் ஸ்டுடியோவில் முதல் பதிவு. தயாரிப்பாளர் பம்ப்ஸ் பிளாக்வெல். அடுத்த இரண்டே வருஷத்தில் டேப்புகள் அலமாரி நிறைய சேர்ந்துவிட்டன. பாடகர் விலகினாலும் மாஸ்டர், அதாவது மூல டேப், கம்பெனியின் சொத்து. எப்போது வெளியிடுவது என்பதும் கம்பெனியின் இஷ்டம். 'குட் கோலி மிஸ் மோலி' 1956-லேயே பதிவானது. கடைக்கு வந்தது 1958 ஜனவரியில். அவர் வேதம் படிக்கப் போன பிறகுதான் அது அமெரிக்காவில் முதல் பத்து இடத்துக்குள் ஏறியது. 'கன்சாஸ் சிட்டி' 1955 பதிவு, வெளியீடு 1959. ஆகவே 'விட்ட பிறகும் ராக் பாடினார்' என்று அந்த ரெக்கார்டுகளைக் காட்டி யாராவது சொன்னால், பதிவுத் தேதியையும் வெளியீட்டுத் தேதியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சரக்கு குறையக் குறைய கம்பெனி என்ன செய்தது என்பதுதான் சுவாரசியம். 'கீப் எ நாக்கின்' 1957 ஜனவரியில் வாஷிங்டனில் அவருடைய சொந்தக் கச்சேரிக் குழு அப்செட்டர்ஸ் வாசித்தது. இருந்த டேப் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஒரு சிங்கிளுக்கு அது போதாது. அதனால் டேப்பைப் பிரதி எடுத்து, வேண்டிய சரணத்தையும் சாக்ஸ் தனி வாசிப்பையும் பிளேடால் நறுக்கி, திரும்பத் திரும்ப ஒட்டி இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தார்கள். பிரதி எதற்கு என்றால், ஒரே துண்டை இரண்டு இடத்தில் ஒட்ட முடியாதே. வெட்டை அடிமேளத்தின் அடி விழுகிற இடத்தில் வைத்தால் காது பிடிக்காது. நடுவில் வைத்தால் தாளம் ஒரு நொடி சறுக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஒரே மூச்சிழுப்பு, ஒரே கத்தல், மறுபடி வரும். பிந்திய எல்பி ஒன்றில் 1955 காலத்துப் பழைய பதிவுகளின் மேல் பெண்குரல் கோஷ்டியை ஏற்றி நிரப்பினார்கள். அதுவும் இதே வறட்சியால்தான்.

காசுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பின்னாளில் தான் விலகியதற்குப் பணமும் காரணம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பரவலாகப் பதிவான கணக்குப்படி அவருக்கு ஒரு ரெக்கார்டுக்கு அரை சென்ட். பத்து லட்சம் ரெக்கார்டு விற்றால் 5,000 டாலர். பாட்டு எழுதியவருக்கான வழி தனி. 1909 சட்டப்படி ஒரு ரெக்கார்டில் ஒரு பாட்டுக்கு 2 சென்ட், பொதுவாகப் பதிப்பாளருக்குப் பாதி, எழுதியவருக்குப் பாதி. பதிப்பு நிறுவனமான வெனிஸ் மியூசிக்கும் ரூப் கையிலேயே இருந்தது. அமெரிக்காவில் வானொலி ஒலிபரப்புக்குப் பாடகருக்குச் சல்லிக்காசு கிடையாது, எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும்தான். மிச்சம் கச்சேரி வருமானம். அதைத்தான் அவர் அக்டோபர் 1957-ல் தூக்கி எறிந்தார். மோதிரத்தைவிட அதுதான் பெரிய தொகை.

ஊர் திரும்பியதும் அப்பல்லோ தியேட்டரில் விடைபெறும் கச்சேரி, ஸ்பெஷாலிட்டிக்குக் கடைசிப் பதிவு, அப்புறம்தான் கல்லூரி. மிச்சமிருந்த கச்சேரித் தேதிகளுக்கு அப்செட்டர்ஸ் குழு டீ கிளார்க் என்ற பாடகரை முன்னால் நிறுத்தி ஓட்டியது. ஒப்பந்தத்திலிருந்து விடுபட 1959-ல் அவர் கொடுத்த விலை, இனி வரும் ராயல்டி வேண்டாம் என்று கையெழுத்து. சபைப் பேச்சில் தியாகம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லுங்கள், ஆனால் முழுசாகச் சொல்லுங்கள். 1984-ல் அதே ராயல்டிக்காக ஸ்பெஷாலிட்டி, வெனிஸ், இன்னொரு பாட்டுப் பதிப்பு நிறுவனமான ஏடிவி மூன்றின் மேலும் 112 மில்லியன் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 1986-ல் வெளியே பேசி முடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 1957-ல், அதே கம்பெனியில், அதே பிளாக்வெல் கைப்பிடித்து எதிர்த்திசையில் ஒருவர் போனார். சாம் குக். சோல் ஸ்டிரரர்ஸ் என்ற காஸ்பல் (கறுப்பினச் சபைப் பாட்டு) குழுவின் நட்சத்திரம், உலகப் பாட்டுக்கு வந்தார். பதிவில் வெள்ளைக்காரக் கோரஸ் வைத்ததைப் பார்த்து ரூப் கோபப்பட, பிளாக்வெல் தனக்கு வர வேண்டிய பாக்கிக்குப் பதிலாக அந்த டேப்புகளை வாங்கிக்கொண்டு வெளியேறினார். 'யூ செண்ட் மீ' கீன் என்ற புதுக் கம்பெனியில் வந்து அந்த வருஷக் கடைசியில் முதலிடம் பிடித்தது. ரூப் சில மாத இடைவெளியில் காஸ்பல் நட்சத்திரத்தை பாப்புக்கும் ராக் நட்சத்திரத்தைக் காஸ்பலுக்கும் பறிகொடுத்தார். இந்த இருவரும் 1962-ல் ஒரே மேடையில் சந்திப்பார்கள்.

தூண்டில்காரன்

நாள்காட்டி சார், விமானத்தை எடுத்துவிட்டேன். மாஸ்டர்டேப், அரை சென்ட் கணக்கு பையன்களுக்கு நன்றாகப் பிடிக்கும். அந்த 1962-ஐயும் யாராவது எடுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அவர் சேர்ந்தது ஏழாம் நாள் அட்வெந்து சபை என்பதால் கோட்பாட்டுப் பக்கமும் கொஞ்சம் வேண்டும்.

ஓய்வுநாள்

கோட்பாடு தெரியாமல் இவர் கதையைச் சொன்னால் பாதி விளங்காது. ஜார்ஜியா மாநிலம் மேக்கனில் வளர்ந்தபோது அவர் குடும்பம் ஒரே சபையில் இருந்ததில்லை. ஏ.எம்.இ. (கறுப்பின மெதடிஸ்ட் சபை), பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே என்று எல்லாம் உண்டு. அப்பா சபை டீக்கன். ஓரமாகக் கள்ளச்சாராயம் விற்றார், இரவு விடுதி ஒன்றும் வைத்திருந்தார். ஆகவே இவர் 1957-ல் தெரியாத கிறிஸ்துவை அறிந்தார் என்பது தவறு. தெரிந்த வீட்டுக்குத் திரும்பினார், ஆனால் வேறு வாசல் வழியாக. அந்த வாசலில் நின்றவர்களில் ஒருவர் ஜோ லட்சர். அவரும் ஸ்பெஷாலிட்டியில் பாடிய சாக்ஸ் கலைஞர், இசையை விட்டு அட்வெந்து சபைக்கு வந்தவர்.

வானத்து நெருப்பு ஏன் அப்படி உலுக்கியது என்பதற்கும் இதில் விடை உண்டு. அட்வெந்து போதனையில் மத்தேயு 24:29, வெளிப்படுத்தின விசேஷம் 6:12-13 இரண்டும் நடந்து முடிந்த அடையாளங்கள். 1755 லிஸ்பன் பூகம்பம், 1780 மே 19 இருண்ட நாள், 1833 நவம்பர் 13 நட்சத்திர மழை. 'வானத்திலிருந்து ஒன்று வந்தால் காலம் முடிகிறது' என்று படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் நடுவில்தான் அவருடைய சாட்சி உருவானது. அந்தச் சாட்சியில் எரிகல்லாக இருந்தால் என்ன, ஸ்புட்னிக்காக இருந்தால் என்ன, இடம் ஒன்றுதான்.

அவர் சேர்ந்தது அலபாமா மாநிலம் ஹண்ட்ஸ்வில்லில் உள்ள ஓக்வுட் கல்லூரி. 1896-ல் கறுப்பின மாணவருக்காக அட்வெந்து சபை தொடங்கியது. 1958-ல் சொந்தமாக ஒரு சுவிசேஷக் குழு அமைத்து நாடு முழுக்கப் பிரசங்கித்தார். 1959 ஜூலையில் திருமணம். பன்றி இறைச்சி, மது, புகையிலை கூடாது என்கிற ஒழுங்கெல்லாம் ஒரு கலைஞனுக்குச் சமாளிக்கக்கூடியதுதான். சமாளிக்க முடியாதது ஓய்வுநாள். வெள்ளி சூரிய அஸ்தமனம் தொடங்கி சனி அஸ்தமனம் வரை. உலகெங்கும் கச்சேரித் தொழில் சம்பாதிப்பதே வெள்ளி இரவிலும் சனி இரவிலும்தான். சனி இரவையாவது காப்பாற்றலாமா என்றால், டிசம்பரில் ஹண்ட்ஸ்வில்லில் ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாயும், எட்டு மணிக் கச்சேரிக்குத் தடையில்லை. ஜூனில் எட்டு மணிக்குத்தான் சாயும், அதற்குமுன் ஒலிச்சோதனைகூடச் செய்ய முடியாது. வெள்ளி இரவு வருஷம் முழுக்கப் போச்சு. அட்வெந்து சபையில் ஒருவர் கேளிக்கைக் கலைஞராக நீடிப்பது மற்ற சபைகளைவிடக் கடினம் என்பது இந்த ஒரே விதியால்.

இப்போது 1962. லண்டன் ஏற்பாட்டாளர் டான் ஆர்டன் கூப்பிட்டார். ரிச்சர்ட் காஸ்பல் பயணம் என்று புரிந்துகொண்டு வந்தார். சுவரொட்டியோ ராக் நட்சத்திரம் வருகிறார் என்றது. கூட வந்த ஆர்கன் பையன் பில்லி பிரெஸ்டனுக்கு வயது 16. முதல் நாள் டான்காஸ்டர், அக்டோபர் 8. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரே இரவில் இரண்டு ஆட்டம். முதல் ஆட்டத்தில் அவர் காஸ்பல் பாடினார். சீட்டு வாங்கியவர்கள் எதிர்பார்த்தது அதுவல்ல, அரங்கம் சூடேறவில்லை. சாம் குக் வந்துசேரத் தாமதமாகி அதில் பாடவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் குக் மேடை ஏறி அரங்கத்தையே தூக்கிவிட்டார். அதற்குப் பின்னால் போக வேண்டியவர் ரிச்சர்ட். அவருடைய பழைய ராக் பாட்டு 'லாங் டால் சாலி' வந்துவிட்டது.

பின்மாற்றம் என்று ஒரே வார்த்தையில் அடிக்காதீர்கள் என்பேன். ஏமாற்றி அழைத்த ஒப்பந்தம், பக்கத்து அறையில் போட்டி, பதில் கேட்கிற கூட்டம் என்று மூன்றும் அங்கே இருந்தன. ஆனால் கோட்பாட்டுப்படி உண்மையான உடைப்பு எங்கே என்று கேட்டால் பாட்டில் இல்லை, கிழமையில் இருக்கிறது. அக்டோபர் 12-ம் தேதி நியூ பிரைட்டன் டவர் பால்ரூமில் பாடினார், அதே மேடையில் பீட்டில்ஸும் இருந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. அந்தப் பருவத்தில் மாலை ஆறரைக்குள் பொழுது சாய்ந்துவிடும். எழுதுகிற எல்லோரும் பீட்டில்ஸைப் பற்றியே எழுதுகிறார்கள், இந்தக் கிழமையை யாரும் கவனிப்பதில்லை.

எதிர்க்கேள்வி

பணத்துக்காக விட்டார், பணத்துக்காகத் திரும்பினார். இதற்கு இவ்வளவு இறையியலா?

மாஸ்டர்டேப்

பணம் மட்டும் என்றால் 1957-ல் கம்பெனி மாறியிருப்பார், தொழில் மாறியிருக்க மாட்டார். பிளாக்வெல் அதைத்தான் செய்தார், குக் அதைத்தான் செய்தார். ராயல்டியில் கோபம் இருந்தது உண்மை. கோபப்பட்ட ஒருவர் ஒன்றரை வருஷம் கழித்து ராயல்டியையே எழுதிக்கொடுப்பது கணக்குக்கு ஒத்துவரவில்லை.

நாள்காட்டி

ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு பேர். அல் கிரீன் 1976-ல் மெம்ஃபிஸில் ஒரு சபைக் கட்டடத்தையே வாங்கிப் போதகரானார். உடனே உலகப் பாட்டை விடவில்லை. 1979-ல் சின்சினாட்டி மேடையிலிருந்து விழுந்து அடிபட்ட பிறகுதான் காஸ்பலுக்கு முழுசாகப் போனார். 1988-ல் மறுபடி உலகப் பாட்டும் பாடினார், போதகராகவும் தொடர்ந்தார். ஞாயிறு காலை போய் நிற்க ஒரு பீடம் சொந்தமாக இருந்தது, ரிச்சர்டுக்கு அது இல்லை. பாப் டிலன் 1979 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு அரங்கில் 14 இரவு பாடினார், பழைய பாட்டு ஒன்றுகூட இல்லை. மறு நவம்பரில் அதே அரங்கில் பழையவை திரும்பிவிட்டன. ரிச்சர்ட் கதைக்கு அவசரமாக 'வீழ்ச்சி' முத்திரை குத்துகிறவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டுக் குத்தட்டும்.

ஓய்வுநாள்

1962-க்குப் பிறகு நடந்ததையும் ஒரு பத்தியாவது சொல்லுங்கள், இல்லையென்றால் 'அதன்பின் சுகமே' என்று முடிந்துவிடும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேடை, மது, போதை. 1977-ல் தம்பியின் திடீர் மரணம் உள்ளிட்ட துக்கங்களுக்குப் பிறகு மறுபடி ஊழியம், வேதாகம விற்பனை. எண்பதுகளின் நடுவில்தான் இரண்டையும் ஒட்டிப் பார்த்தார், ராக் தாளத்தில் செய்தி உள்ள பாட்டு என்று. அதற்குக் கூட நின்று எழுதியவர் அதே பில்லி பிரெஸ்டன். ஓரினச்சேர்க்கை பற்றி அவர் பொதுவில் சொன்னதும் நேர்கோட்டில் இல்லை. 1995-ல் ஒரு பத்திரிகையிடம் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் என்றார். 2017-ல் ஓர் அட்வெந்து தொலைக்காட்சியில் அதைக் கண்டித்தார். 'ஒரே நாளில் விடுதலை' என்று பேசினால் அந்தப் பையன்கள் இரண்டு பேட்டியையும் இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். அவர் 2020 மே 9-ல் காலமானார், அடக்கம் செய்தது ஹண்ட்ஸ்வில்லில், ஓக்வுட் கல்லறைத் தோட்டத்தில்.

தூண்டில்காரன்

கடைசியாக ஒன்று. நடுவில் மூன்று ஒலித்துண்டு போடலாம் என்றிருக்கிறேன். எவை?

வலதுகை

ஒவ்வொன்றும் 30, 40 விநாடி. அதற்கு மேல் போனால் ஜனங்கள் பேச்சை விட்டுப் பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

முதல் துண்டு, வார்டு சிங்கர்ஸ் குழுவின் மேரியன் வில்லியம்ஸ் பாடிய பழைய காஸ்பல் எதுவானாலும் சரி. அவர் பொய்க்குரலில் ஏறி 'ஊ' என்று விடுகிற இடம் வேண்டும். இரண்டாவது, 1955 நியூ ஆர்லியன்ஸ் பதிவு ஒன்று. அதே 'ஊ' அங்கே இருக்கும். பீட்டில்ஸ் பிடித்துக்கொண்டதும் அதைத்தான். சபையிலிருந்து எடுத்ததை மேடைக்குக் கொண்டுபோனார் என்பதை நீங்கள் விளக்கவே வேண்டாம், காது சொல்லிவிடும். டிரம்ஸையும் கவனியுங்கள். அதை வாசித்த ஏர்ல் பாமர் அதுவரை ஷஃபிள், அதாவது நொண்டி நடைத் தாளம், அடித்துப் பழகியவர். ரிச்சர்டின் வலதுகை பியானோவில் எட்டு எட்டாகச் சமமாகக் குத்தியதால் தானும் நேர் அடிக்கு மாறியதாகப் பாமர் சொல்லியிருக்கிறார். 'டூட்டி ஃப்ரூட்டி' போடுவதானால் ஒரு எச்சரிக்கை: விடுதிகளில் அவர் பாடிய மூல வரிகள் பச்சை ஆபாசம். டொரதி லபாஸ்ட்ரி உட்கார்ந்து மாற்றி எழுதிய பிறகுதான் பதிவானது. யாராவது கேட்டால் பதில் வைத்திருங்கள்.

மூன்றாவது, மெர்க்குரி கம்பெனிக்கு குவின்சி ஜோன்ஸ் தயாரித்த காஸ்பல் எல்பியிலிருந்து. குரல் அபாரம், மஹாலியா ஜாக்சன் உறையில் பாராட்டு எழுதினார். என் கருத்து, ஏற்பாடு கனமாக இருக்கிறது. அந்த வலதுகையைக் காணோம். உலகத்தை விடுவதென்றால் அந்தத் தாளத்தையும் விட வேண்டும் என்று அன்று நினைத்தார்கள், பெந்தெகொஸ்தே சபைகளிலோ அதே தாளம் ஞாயிறுதோறும் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் மெதுவாகத் தொடங்கும் பாட்டைத் தவிருங்கள், குரல் உச்சிக்கு ஏறுகிற கடைசிப் பகுதியிலிருந்து வெட்டி எடுங்கள்.

இரண்டாவது துண்டைத் தேடும்போது ஜாக்கிரதை. மாஸ்டர் ஸ்பெஷாலிட்டியிடம் இருந்ததால் 1964-ல் வீ-ஜே கம்பெனிக்கும், 1976-ல் கே-டெல்லுக்கும் அதே பாட்டுகளை மறுபடி பாடிக் கொடுத்தார். இணையத்தில் இவை எல்லாம் ஒரே பெயரில், ஒரே படத்தோடு கிடக்கின்றன. மூலப் பதிவு மோனோ. இடது காதில் ஒன்று, வலது காதில் வேறொன்று கேட்டால் அது பின்னாளையது. உரிமை வரியில் ஸ்பெஷாலிட்டி அல்லது அதன் பதிவுகளைப் பின்னாளில் வாங்கிய கான்கார்டு என்று இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.